படியேறி விழுந்த வயலின்கள்

தோசைக்கல்லில் வெங்காயத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே என் மனைவி மலர்க்கொடி ஒரு மெட்டை முணுமுணுத்தாள். ஒரு காலில் ஷூவை மாட்டிவிட்டு இன்னொன்றைக் கையில் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நான் அப்படியே இருந்துவிட்டேன்.

தூக்கிவாரிப் போட்டது என்று எழுதினால் போதாது. 

மனாமாவில், குதைபியா பக்கம், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடி. ஒரே அறை. அதன் மூலையிலேயே அடுப்பு. மலர் விசிட் விசாவில் வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவள் பஹ்ரைனை மிதித்தது அதுதான் முதல் தடவை. எங்கள் நாலு வயதுப் பெண் கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே கம்பெனி வேன் ஹார்ன் அடித்தது.

“ஏங்க, வேன் வந்துருச்சு. ஷூவக் கையில வச்சிக்கிட்டு என்னத்தப் பாக்குறீங்க?”

“மலரு, இப்ப என்ன பாடுன?”

“நானா? நா எங்க பாடுனேன்?”

“இப்பதான் பாடுன. அந்த மெட்டு. இன்னொரு தடவ பாடு.”

அவள் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மாவை ஊற்றினாள். வேன் டிரைவர் மறுபடி ஹார்ன் அடித்தார். ‘யல்லா, யல்லா’ என்று அவர் கத்தியது ஜன்னல் வழியே கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை கேம்ப் சாப்பாடு, ரூம் சண்டை என்று மற்றவர்கள் மானத்தை வாங்கியே எழுதிவிட்டேன். இந்த வாரம் என் மானம் போன கதை. அந்த மெட்டு மலருக்குத் தெரிந்திருக்கிறது என்றால், இரண்டரை வருடமாக நான் கட்டிக் காத்துவந்த ஒரு பொய்யும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் எனக்குக் கை கால் ஓடவில்லை.

பாடுகிறவர் எங்கே?

முதலில் அந்த மெட்டு வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன்.

கட்டடப் பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் நான் டெலிபோன் டெக்னீஷியன். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டோடு வந்தவன். ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச், சைட்டுகளுக்குப் போகும் லைன் எல்லாம் என் பொறுப்பு. எங்கள் மேனேஜர் ஆல்டன் என்று ஒரு ஆங்கிலேயர். நெட்டையான, சிவந்த மனிதர். கோபம் வந்தால் காது மட்டும் இன்னும் சிவக்கும். அவர் அறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை மெதுவாக ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் அவர் போனைக் கழற்றிப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தபோது, என் காலே எனக்குத் தெரியாமல் தாளம் போட ஆரம்பித்தது. அவர் பார்த்துவிட்டார்.

“செல்வம், பிடித்திருக்கிறதா? இதுதான் லைட் மியூசிக்” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊரில் லைட் மியூசிக் என்றால் கோயில் திருவிழாவில் மேடை போட்டு, கோட்டு போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சினிமாப் பாட்டு பாடுவது. இதில் வயலின்கள் மட்டும் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. “சார், பாடுகிறவர் எங்கே? இன்னும் வரலையா?” என்று கேட்டுவிட்டேன். மனுஷன் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தார்.

பிறகு அவரே சொல்லிக்கொடுத்தார். அவர் பிறந்த காலத்தில் இங்கிலாந்தில் ரேடியோ முழுக்க இந்தச் சங்கீதம்தானாம். தொழிற்சாலைகளில் ஸ்பீக்கர் கட்டிப் போடுவார்களாம், கை ஓயாமல் வேலை நடக்கட்டும் என்று. ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம், மிஞ்சினால் நாலு. ஒன்றைக் கேட்டால் ரயில் கிளம்பும். ஒன்றில் கடைத்தெருவில் கூட்டம் முட்டிமோதும். ஒன்றில் கடற்கரைக்கு வந்த குடும்பம் மழையில் மாட்டிக்கொண்டு ஓடும். அத்தனையும் வயலினும் குழலும் சின்னச் சின்ன மணிகளும் சேர்ந்து செய்கிற வேலை.

என்னை ஆச்சரியப்படுத்தியது ஒன்றுதான். அதில் அழுகை ஒரு பொட்டு கிடையாது. நமக்கெல்லாம் அழுகை இல்லாமல் பாட்டா? தாலாட்டிலேயே மூக்கைச் சிந்துகிற ஆட்கள் நாம்.

“எங்கள் ஊர்ப் பெரிய சங்கீதக்காரர்கள் இதை மதிக்க மாட்டார்கள், செல்வம். ஆனால் தெருவில் போகிற யாரை நிறுத்திக் கேட்டாலும் வாயில் நாலு மெட்டு இருக்கும். பெயர் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது” என்றார் ஆல்டன். அவர் சொன்ன பிறகுதான் என் காது திறந்தது. எங்கே போனாலும் அது ஓடிக்கொண்டிருந்தது. துபாய் போயிருந்தபோது தேராவில் ஒரு ஹோட்டல் லிஃப்டில், லீவுக்குப் போகும்போது விமானம் கிளம்புவதற்கு முன்னால், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப்போன கிளினிக்கில். அங்கே நான் ‘ஆ’ என்று அலறிக்கொண்டிருக்க, தலைக்கு மேல் வயலின்கள் சிரித்துக்கொண்டிருந்தன. எழுதியவர்களெல்லாம் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியிருக்கும். அந்த உற்சாகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் கட்டடத்தின் கீழே ‘கோல்டு ஸ்டோர்’ என்று இங்கே சொல்கிற மளிகைக் கடை வைத்திருந்த அதிராம்பட்டினத்து சாகுல் பாயிடம் கூட என் மொபைலில் போட்டுக்காட்டினேன். பாய் தயிர் டப்பாக்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். “தம்பி, பாட்டுக்காரன் இல்லாட்டியும் பரவால்ல. கை தானா ஓடுதுப்பா” என்றார். அன்றிலிருந்து அவர் கடையிலும் அதுதான்.

என் கைவேலை

எங்கள் ஆபீஸ் போனில் அப்போதெல்லாம் யாரையாவது ஹோல்டில் போட்டால் ‘டீக், டீக்’ என்று சத்தம் வரும். மண்டையில் ஆணி அடிக்கிற சத்தம். கஸ்டமர்கள் திட்டினார்கள். “நல்ல மியூசிக் ஏதாவது போடு செல்வம்” என்று ஆல்டன் என்னிடம் விட்டுவிட்டார்.

கரும்பு தின்னக் கூலியா? அவருடைய சி.டி.க்களை வாங்கிப்போய் ஒரு வாரம் கேட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் ஒரு ஒற்றைக் குழல், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடப்பது போலத் தனியாக வரும். பிறகு வயலின்கள் ஒவ்வொரு படியாக மேலே ஏறும். ஏறி, ஏறி, கடைசிப் படியில் கால் வைத்ததும் மொத்த வாத்தியமும் திறந்துகொள்ளும். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும்.

ஆனால் எங்கள் எக்ஸ்சேஞ்ச் பழைய மெஷின். கொஞ்ச நேரப் பாட்டுதான் அதற்குள் நிற்கும். நானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டினேன். வெட்டியதில் கணக்கு தப்பிவிட்டது. வயலின்கள் ஏறும், ஏறும், கடைசிப் படிக்கு ஒரு படி முன்னால் டக்கென்று அறுந்து மறுபடி அந்த ஒற்றைக் குழலுக்கே வந்துவிடும்.

ஆல்டன் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டார். காது சிவந்தது. “அடப் பாவி, படியேறினவர்களைப் பிடித்துத் தள்ளிவிட்டாயே!” என்றார். திரும்ப வெட்டித் தருகிறேன் என்றேன். “வேண்டாம், விடு. இந்தக் கம்பெனிக்கு இதுதான் பொருத்தம்” என்று சொல்லிச் சிரித்தார். அவர் ரிட்டயராகி ஊருக்குப் போன பிறகும் அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஆக, அந்த அறுந்த மெட்டு இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் கேட்கும். எங்கள் ஆபீஸ் நம்பருக்கு அடித்து, ஆபரேட்டர் ‘ஹோல்ட் பண்ணுங்க’ என்று சொன்ன பிறகு. நான் வீட்டில் முணுமுணுத்தால் கூட முழுசாகத்தான் முணுமுணுப்பேன். எனக்கு அந்த மேல்படி வேண்டும்.

மலர் முணுமுணுத்தது முழுசாக இல்லை. ஏறினாள், ஏறினாள், ஒரு படி முன்னால் விழுந்தாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாட்டே அப்படித்தான் என்பதுபோல ரொம்ப சாதாரணமாகச் செய்தாள்.

வீம்பு

மலரின் அப்பா மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் சும்மா இருக்காது. எங்கள் நிச்சயதார்த்தத்தன்றே பந்தியில் எல்லார் முன்னாலும், “கல்ஃப் மாப்பிள்ளன்னா என்ன, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற விருந்தாளிதான?” என்று சொல்லிச் சிரித்தார். சபையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று அது வெடித்தது. அவர் மறுபடி அதே விருந்தாளிப் பேச்சை எடுக்க, நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். “இனிமே இந்த வாசலை மிதிச்சா ஏன்னு கேளுங்க” என்று சொல்லிவிட்டு வந்தவன்தான். அவரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. நடுவில் மலர்தான் கிடந்து அல்லாடினாள்.

அப்புறம் அவர் படுத்தார். தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று மலர் வீடியோ காலில் அழுதாள்.

“மாப்பிள்ளையப் பாக்கணும் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காருங்க. ஒரே ஒரு தடவ வந்து தலயக் காட்டிட்டுப் போயிருங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கம்பெனியில லீவு மாஃபின்னுட்டாங்க மலரு. ஆள் இல்ல, இப்ப விட முடியாதுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க” என்றேன். கம்பெனி எந்தக் காலிலும் நிற்கவில்லை. நான் லீவே கேட்கவில்லை. அவரே முதலில் போன் பண்ணி ஒரு வார்த்தை பேசட்டுமே என்ற வீம்பு. சாகக் கிடக்கிற மனுஷனோடு வீம்பு! இதை எழுதும்போது கூட எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அவர் இறந்துவிட்டார். சில மாதம் கழித்து லீவில் போனேன். அந்த வீட்டில், மாலை போட்ட அவர் படத்துக்கு நேராக உட்கார்ந்து சாப்பிட்டேன். மலர் பரிமாறினாள். “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா?” என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கடவுளே, நம்பிவிட்டாள் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அடுப்பைச் சின்னதாக வைத்தாள்

வேன் போய்விட்ட சத்தம் கேட்டது. மலர் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, “டூட்டிக்குப் போகலையா?” என்றாள்.

“மலரு, எங்க ஆபீசுக்குப் போன் பண்ணியிருக்கியா?”

அவள் அடுப்பைச் சின்னதாக வைத்தாள். தோசையைத் திருப்பினாள். இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்று நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பண்ணேன்.”

“எப்ப?”

“எப்பன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்?”

குழந்தை புரண்டு படுத்தாள். இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். அந்த அறையில் சண்டை போடக்கூட இடம் கிடையாது.

“நம்பரு?”

“நீங்கதான வருஷா வருஷம் கம்பெனி காலண்டர் அனுப்புறீங்க? அடுப்படியிலதான் தொங்குது. உங்களால லீவு வாங்க முடியல, பொம்பள நா அழுது கேட்டா குடுப்பாங்கன்னு நெனச்சேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல எழுதி வச்சிக்கிட்டு அடிச்சேன். ஒரு அம்மா எடுத்து ஹோல்டுன்னுச்சு. அந்தப் பாட்டு ஓடுச்சு. ஓடிக்கிட்டே இருக்கையில பேலன்ஸ் தீந்து கட்டாயிருச்சு. மறுநாளும் அப்படித்தான். மூணாம் நாள்தான் லீவு பாக்குற சாரு லைன்ல வந்தாரு.”

நான் கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தேன்.

“ஏன் சார் எங்க வீட்டுக்காரருக்கு லீவு குடுக்க மாட்டேங்குறீங்கன்னு கேட்டேன். அவரு கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, அப்ளிகேஷனே இல்லையே மேடம்னாரு. எமர்ஜென்சின்னா இன்னிக்கே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, நாளைக்கே அனுப்பிருவோம்னாரு. நல்ல மனுஷன். நான்தான், நா போன் பண்ணதச் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்.”

“மலரு, அன்னிக்கே என்னயப் புடிச்சு நாலு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

அவள் அப்போதுதான் முழுசாகத் திரும்பினாள்.

“கேட்டேனே! அன்னிக்குச் சாயங்காலமே வீடியோ கால்ல கேட்டேன். நெசமாவே லீவு கேட்டீங்களான்னு. கால்ல விழாத கொறயாக் கேட்டேன்னு சொன்னீங்க. உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு மாத்தம் இல்ல.”

சொன்னேன்தான். அந்த வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. கால்ல விழாத கொறயா. அதை ஒரு ஜோடனையாகச் சேர்த்தேன், நம்பட்டும் என்று.

தோசை கருகுகிற வாசனை வந்தது. அவள் அடுப்பையே அணைத்துவிட்டாள். எனக்கு அதற்கு மேல் கேட்கத் தைரியம் இல்லை. ஆனால் டெலிபோன்காரன் புத்தி ஒன்று இருக்கிறதே, அது விடவில்லை. மூன்று தடவை ஹோல்டில் கேட்ட மெட்டு, இரண்டரை வருடம் கழித்துத் தோசை ஊற்றும்போது வருமா? அத்தனை ஊறிப்போய், அறுந்த இடம் கூட அறுந்ததாகத் தெரியாமல்?

“மூணு தடவதான் பண்ணியா?”

“இல்ல. அதுக்கப்புறமும் தெனம் பண்ணேன்.”

“எதுக்கு? அதான் பதில் தெரிஞ்சு போச்சே.”

“எனக்கில்ல. அப்பாவுக்கு.”

எனக்குப் புரியவில்லை. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணத் தொறக்குறப்பல்லாம் மாப்பிள்ள வர்றாரான்னுதான் கேப்பாரு. நீங்க லீவே கேக்கலன்னு அவருகிட்ட எப்புடிங்க சொல்லுவேன்? கம்பெனியிலதாம்பா பேசிக்கிட்டிருக்கேன், இந்தா லைன்ல இருக்காங்கன்னு சொல்லி, நம்பர அடிச்சு, ஸ்பீக்கர்ல போட்டு தலகாணி ஓரமா வச்சிருவேன். பாட்டு ஓடும். லீவு சாரு எடுத்தா டக்குனு கட் பண்ணிட்டு, லைன் கட்டாயிருச்சுப்பா, நாளைக்குப் பேசுறேன்னு சொல்லுவேன். ஆறு நாள் அப்படியே ஓட்டுனேன்.”

நான் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டேன். 

“அப்பா கண்ண மூடிக்கிட்டு, வெரல ஆட்டிக்கிட்டே கேப்பாரு. பாட்டு நல்லாருக்கும்மான்னாரு. இவ்வளவு சந்தோசமாப் பாட்டு போடுறவன் லீவு குடுக்காமயா போயிருவான், மாப்பிள்ள வந்துருவாருன்னாரு. நானும் ஆமாம்பா, ஆமாம்பான்னேன்.”

கல்ஃபில் இருபது வருடம் ஓட்டியவன் நான். சைட்டில் சாரம் சரிந்து பார்த்திருக்கிறேன். கூட இருந்தவன் பெட்டியில் ஊருக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பெருமைக்கு, விழுந்தேன்.

“நா லீவு கேக்கல மலரு” என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. “கேக்கவே இல்ல. வீம்புல கேக்கல. உங்கப்பா மேல இருந்த கோவம்.”

“தெரியும்.”

“என்னய மன்னிச்சிரு.”

அவள் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். கீழே சாகுல் பாய் கடை ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது.

“உங்கள மன்னிக்கிறதுக்கு நா இருக்கேங்க. இன்னிக்கில்லாட்டி இன்னொரு நாளு மன்னிச்சிட்டுப் போறேன்” என்றாள் மலர். “எங்கப்பாகிட்ட நா கடைசியாப் பேசுனது அம்புட்டும் பொய்யி. எனக்கு யாருங்க இருக்கா மன்னிக்க?”